பகடை உங்களுடையது... ஆட்டம் யாருடையது?

புதுச்சேரி ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில், சுற்றுலா வருபவர்கள் நின்று படம் எடுத்துக்கொள்ளும் வீடு ஒன்று இருக்கிறது. 1908 முதல் 1918 வரை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்த பாரதியார் வாழ்ந்த வீடுகளில் ஒன்று அது. இப்போது அருங்காட்சியகம். அதைப் பார்த்துவிட்டு வெளியே வரும் ஒரு கல்லூரி மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். பாரதியின் பாட்டுக்குப் புது மெட்டுப் போட்டு அவர் யூடியூபில் ஏற்றலாம். டி-ஷர்ட்டில் அச்சடித்து பீச் ரோட்டில் விற்கலாம். யாருக்கும் ஒரு பைசா தரவேண்டாம். யாரிடமும் கையெழுத்து வாங்கவேண்டாம்.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. பாரதியின் பாட்டை சினிமாவில் பயன்படுத்தினால் நோட்டீஸ் வரும் என்ற காலமும் இருந்தது. 'இந்தப் பாட்டு யாருக்குச் சொந்தம்?' என்று அன்று தமிழர்கள் கேட்ட அதே கேள்வியை, 2023 ஜனவரியில் உலகம் முழுக்க இருக்கும் விளையாட்டுப் பிரியர்கள் வேறு மாதிரி கேட்டார்கள். 'இந்த ஆட்டம் யாருக்குச் சொந்தம்?'

அந்தச் சண்டையின் முடிவு, புதுச்சேரியில் உட்கார்ந்து ஒரு விளையாட்டை உருவாக்க நினைக்கும் நம் மாணவிக்கும் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. எந்தக் கதவு, எவ்வளவு தூரம் திறந்திருக்கிறது என்பதுதான் விஷயம்.

அது என்ன விளையாட்டு?

தாயம், பரமபதம் என்றால் நமக்குத் தெரியும். கட்டம் இருக்கும், காய் இருக்கும், ஜெயிப்பவர் ஒருவர் இருப்பார். 'டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம்' என்பது கொஞ்சம் வேறு. நான்கைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதை நடத்துவார். மற்ற ஒவ்வொருவரும் ஒரு பாத்திரம். ஒருவர் வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடர்.

"கோட்டைக் கதவு பூட்டியிருக்கிறது. என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று கதை நடத்துபவர் கேட்பார். "பூட்டை உடைக்கிறேன்" என்று ஒருவர் சொல்வார். பகடையை உருட்ட வேண்டும். 20 பக்கங்கள் கொண்ட பகடை. விழும் எண்ணைப் பொறுத்துப் பூட்டு உடையும். அல்லது சத்தம் கேட்டுக் காவலர்கள் வந்துவிடுவார்கள். பாட்டி சொல்லும் கதைக்குள் நாமே புகுந்து முடிவை மாற்ற முடிந்தால் எப்படியிருக்கும்? அப்படித்தான் இருக்கும்.

இந்த வகையில் முதலில் வெளிவந்தது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கியது. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' வெப் சீரிஸில் சிறுவர்கள் அடித்தளத்தில் உட்கார்ந்து ஆடுவார்களே, அதேதான். 1997-ல் இது 'விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' நிறுவனத்தின் கைக்குப் போனது. 1999-ல் அந்த நிறுவனத்தையே பொம்மை வியாபாரத்தில் ஜாம்பவானான ஹாஸ்ப்ரோ வாங்கிவிட்டது.

கதவு திறந்த வருடம்

இந்த ஆட்டத்துக்கு ஒரு பிரச்னை உண்டு. விதிப் புத்தகத்தை ஒருமுறை வாங்கினால் போதும், பல வருடங்கள் ஆடலாம். ஆனால் ஆடுவதற்குப் புதுப் புதுக் கதைகள், ஊர்கள், பூதங்கள் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். அவ்வளவையும் ஒரே நிறுவனம் எழுதி, அச்சடித்து, லாபமும் பார்ப்பது கஷ்டம்.

2000-ல் விசார்ட்ஸ் ஒரு துணிச்சலான முடிவு எடுத்தது. மென்பொருள் உலகில் லினக்ஸ் போன்றவை திறந்த உரிமத்தில் வளர்ந்ததைப் பார்த்து, ஆட்டத்தின் அடிப்படை விதிகளைத் தனி ஆவணமாக வெளியிட்டது. கூடவே 'ஓப்பன் கேம் லைசென்ஸ்' என்ற உரிமத்தையும் கொடுத்தது. சுருக்கமாக ஓ.ஜி.எல். 'இந்த விதிகளை வைத்து யார் வேண்டுமானாலும் கதை எழுதி விற்கலாம், ராயல்டி வேண்டாம்' என்பதுதான் அதன் சாரம். இப்படி மூல நிறுவனத்துக்கு வெளியே இருந்துகொண்டு அதன் ஆட்டத்துக்குப் புத்தகம் போடுபவர்களைத்தான் 'மூன்றாம் தரப்புப் பதிப்பாளர்கள்' என்கிறார்கள்.

பெரிய ஓட்டல் ஒன்று தன் தோசை மாவை ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்த மாதிரி. சட்னி, சாம்பார், மசாலாவெல்லாம் அவரவர் திறமை. மாவு நம் ஓட்டலுடையது என்பதால் ஊரே நம் தோசைக்குப் பழகிவிடும் என்பது கணக்கு. கணக்குப் பலித்தது. ஒருவர், இருவர் நடத்தும் பதிப்பகங்கள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. எழுத்தாளர்கள், ஓவியர்கள், வரைபடம் போடுபவர்கள் என்று பலருக்கு அதுவே பிழைப்பானது.

2008-ல் நான்காம் பதிப்பு வந்தபோது நிறுவனம் கொஞ்சம் கையை இறுக்கியது. கடுமையான புது உரிமம் ஒன்றைக் கொண்டுவந்தது. அப்போது பைஸோ என்ற பதிப்பகம் பழைய ஓ.ஜி.எல்-ஐயே கையில் பிடித்துக்கொண்டு 2009-ல் 'பாத்ஃபைண்டர்' என்ற சொந்த ஆட்டத்தை வெளியிட்டது. மூல ஆட்டத்துக்கே பலமான போட்டியாக அது வளர்ந்தது. கொடுத்த மாவிலேயே எதிர்க்கடை! 2014-ல் ஐந்தாம் பதிப்பு வந்தது. 2016-ல் அதன் விதிகளும் ஓ.ஜி.எல்-க்குள் வந்தன. கதவு மறுபடி திறந்துவிட்டது என்றே எல்லோரும் நம்பினார்கள்.

23 நாள் புயல்

2023 ஜனவரி 5. புது உரிமம் ஒன்றின் வரைவு கசிந்து, 'கிஸ்மோடோ' இணைய இதழில் செய்தியானது. பெயர் ஓ.ஜி.எல். 1.1. அதிலிருந்த ஷரத்துகளைப் படித்த சிறு பதிப்பாளர்களுக்குத் தூக்கம் போனது.

ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல் வருமானம் வந்தால் நிறுவனத்திடம் கணக்குக் காட்ட வேண்டும். 7,50,000 டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 25 சதவிகிதம் ராயல்டி. கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் பணம் திரட்டியிருந்தால் 20 சதவிகிதம்.

'அவ்வளவு சம்பாதிப்பவர் கொடுத்தால் என்ன?' என்று தோன்றலாம். இங்கேதான் சூட்சுமம். அது லாபத்தில் 25 சதவிகிதம் அல்ல, வருமானத்தில். ஒரு பதிப்பகம் 10 லட்சம் டாலருக்குப் புத்தகம் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லைக்கு மேலே இருப்பது 2,50,000 டாலர். அதற்கு ராயல்டி 62,500 டாலர். ஆனால் காகிதம், அச்சு, கப்பல் செலவு, ஓவியர் சம்பளமெல்லாம் போக அந்தப் பதிப்பகத்தின் கையில் நிற்கும் லாபமே அதைவிடக் குறைவாக இருக்கலாம்.

பணத்தைவிடப் பயமுறுத்திய விஷயங்கள் இன்னும் மூன்று. 30 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு உரிமத்தையே மாற்றலாம் என்றது வரைவு. நீங்கள் எழுதியதை நிறுவனம் இலவசமாக, நிரந்தரமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றது. 2000-ல் கொடுத்த பழைய உரிமம் இனி 'அங்கீகரிக்கப்பட்டது அல்ல' என்றும் அறிவித்தது.

இந்தக் கடைசி ஷரத்து எப்படி வந்தது? பழைய உரிமத்தில் 'நிரந்தரம்' என்ற சொல் இருந்தது. 'திரும்பப் பெற முடியாதது' என்ற சொல் இல்லை. நமக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். சட்டத்துக்கு அப்படியல்ல. 'முடிவுத் தேதி இல்லை' என்பது வேறு, 'நடுவில் பிடுங்க மாட்டோம்' என்பது வேறு என்று வாதாட இடமிருந்தது. பழைய உரிமத்தை வடிவமைத்த ரயன் டான்சியே, திரும்பப் பெறும் எண்ணம் அப்போது இருந்ததில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். ஆனால் எண்ணம் காகிதத்தில் ஏறியிருக்கவில்லை. விடுபட்ட ஒரு சொல்லின் மேல் 22 வருடப் பிழைப்பு தொங்கியது.

அடுத்து நடந்தது யாரும் எதிர்பார்க்காதது. பல்லாயிரம் பேர் கையெழுத்திட்ட திறந்த கடிதம் சுற்றியது. ஹாஸ்ப்ரோவின் இணையச் சேவையான 'டி அண்ட் டி பியாண்ட்' சந்தாவை ரசிகர்கள் கூட்டம் கூட்டமாக ரத்துசெய்தார்கள். ஜனவரி 12-ல் பைஸோ, வேறு பல பதிப்பகங்களோடு சேர்ந்து 'ஆர்க்' என்ற புதிய பொது உரிமத்தை உருவாக்கப்போவதாக அறிவித்தது. எட்டு மாதத்துக்கென்று வைத்திருந்த தன் விதிப் புத்தகங்கள் இரண்டே வாரத்தில் விற்றுத் தீர்ந்ததாகவும் பைஸோ சொன்னது.

விசார்ட்ஸ் இறங்கி வந்தது. மன்னிப்புக் கேட்டது. திருத்திய வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. 15,000-க்கும் மேற்பட்டவர்கள் பதில் சொன்னார்கள். புது உரிமத்தின் கீழ் எழுத விருப்பமில்லை என்றவர்கள் 88 சதவிகிதம். ஜனவரி 27-ல் நிறுவனம் சரணடைந்தது. பழைய உரிமம் அப்படியே இருக்கும் என்றது. அதோடு, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் முழுவதையும் 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமத்தில் வெளியிட்டது. இந்த உரிமத்தை எழுதியது ஹாஸ்ப்ரோ அல்ல, ஒரு பொது அமைப்பு. பெயரைக் குறிப்பிட்டால் போதும், வியாபாரமும் செய்யலாம். முக்கியமாக, இதில் 'திரும்பப் பெற முடியாது' என்ற சொல் தெளிவாக இருக்கிறது.

ஜனவரி 5 முதல் 27 வரை எண்ணிப் பாருங்கள். 23 நாட்கள்.

மேஜை செல்போனுக்குள் வந்தபோது...

இவ்வளவு காலம் சும்மா இருந்த நிறுவனம் திடீரென்று ஏன் இப்படிச் செய்தது? விடை மேஜையில் இல்லை, திரையில் இருக்கிறது.

2012-ல் 'ரோல்20' என்ற இணையதளம் வந்தது. ஒருவர் புதுச்சேரி லாஸ்பேட்டையிலும், இன்னொருவர் பாரிஸிலும், மூன்றாமவர் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு ஒரே வரைபடத்தில் காய் நகர்த்தலாம், பகடை உருட்டலாம். இதற்குப் பெயர் 'விர்ச்சுவல் டேபிள்டாப்'. 2020-ல் 'ஃபவுண்ட்ரி' வந்தது. இதற்குச் சந்தா கிடையாது. ஒருமுறை காசு கொடுத்து வாங்கி நம் கணினியிலேயே வைத்துக்கொள்ளலாம். கொரோனா ஊரடங்கில் வீட்டுக்குள் அடைந்துகிடந்தவர்களுக்கு இவைதான் மேஜையாக இருந்தன.

சிறு பதிப்பாளர்களுக்கு இது வரம். அச்சகம் வேண்டாம், குடோன் வேண்டாம், கூரியர் வேண்டாம். பி.டி.எஃப் ஆக்கி 'டிரைவ்த்ரூ ஆர்.பி.ஜி', 'இட்ச்' போன்ற தளங்களில் ஏற்றினால் அன்றைக்கே விற்பனை.

இதே திரைதான் பெரிய நிறுவனத்தின் கண்ணையும் உறுத்தியது. 2022-ல் ஹாஸ்ப்ரோ 'டி அண்ட் டி பியாண்ட்' சேவையை 14.63 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. அந்த வருடக் கடைசியில், இந்த ஆட்டத்திலிருந்து வரவேண்டிய வருமானம் இன்னும் முழுதாக வரவில்லை என்று நிறுவனத்தின் மேலதிகாரி முதலீட்டாளர்களிடம் பேசினார். அடுத்த மாதமே உரிம வரைவு கசிந்தது. அச்சுப் புத்தகத்துக்கும் பி.டி.எஃப் போன்ற கோப்புக்கும் மட்டுமே அந்த வரைவில் அனுமதி இருந்தது. ஆப், விர்ச்சுவல் டேபிள்டாப், வீடியோ கேமுக்கு இல்லை. எதிர்காலம் எங்கே இருக்கிறதோ, அங்கே வேலி.

திருத்திய வரைவில் இன்னொரு வேடிக்கை. விர்ச்சுவல் டேபிள்டாப்பில் மந்திர அம்பு பாயும் அனிமேஷன் காட்டினால் அது மேஜை விளையாட்டு ஆகாது என்று ஒரு கொள்கை சொன்னார்கள். கற்பனைக்கும் அனிமேஷனுக்கும் நடுவில் சட்டம் போட்டுக் கோடு கிழிக்கப் பார்த்தார்கள். அதுவும் அந்த வரைவோடு போனது.

ஆனால் உரிமம் ஜெயித்துவிட்டால் எல்லாம் ஜெயித்ததாக ஆகாது. தளம் யாருடையது என்பது தனிக் கேள்வி. 2016-ல் தொடங்கிய 'டி.எம்.ஸ் கில்ட்' தளத்தைப் பாருங்கள். விசார்ட்ஸின் புகழ்பெற்ற கற்பனை உலகங்களை வைத்தே அங்கே கதை எழுதி விற்கலாம். பதிலுக்கு விலையில் பாதிதான் எழுத்தாளருக்கு. அந்தப் படைப்பை வேறெங்கும் விற்கவும் முடியாது. புகழ்பெற்ற பெயருக்கு நாம் கொடுக்கும் வாடகை அது.

2024 ஆகஸ்ட்டில், புதிய விதிகள் வரவிருந்தபோது, 'டி அண்ட் டி பியாண்ட்' பயனாளர்களின் பாத்திரக் குறிப்புகளில் பழைய மந்திரங்களுக்குப் பதில் புதியவை தானாக மாறும் என்று அறிவிப்பு வந்தது. காசு கொடுத்து வாங்கியவர்கள் கொந்தளித்தார்கள். சில நாட்களில் முடிவு மாறியது. அலமாரியிலிருக்கும் புத்தகத்தை ராத்திரியோடு ராத்திரியாக யாரும் திருத்திவிட முடியாது. திரையிலிருக்கும் புத்தகத்தில் முடியும்.

கொல்கத்தா அண்ணன் தம்பிகள்

'இதெல்லாம் அமெரிக்கா சமாசாரம்' என்று தள்ளிவிட முடியாது. இதே ஹாஸ்ப்ரோவோடு மல்லுக்கு நின்ற இரண்டு இந்தியர்கள் உண்டு.

கொல்கத்தாவைச் சேர்ந்த ரஜத் அகர்வாலா, ஜெயந்த் அகர்வாலா சகோதரர்கள், எழுத்துக் கட்டைகளை அடுக்கி ஆடும் ஸ்கிராபிள் ஆட்டத்தைப் போன்ற ஒன்றை இணையத்தில் கொண்டுவந்தார்கள். பெயர் 'ஸ்கிராபுலஸ்'. 2007-ல் ஃபேஸ்புக்கில் ஏறியதும் உலகமே ஆடத் தொடங்கியது. ஸ்கிராபிளின் உரிமை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஹாஸ்ப்ரோவிடம், மற்ற நாடுகளில் மேட்டல் நிறுவனத்திடம் இருந்தது. 2008-ல் ஹாஸ்ப்ரோ அமெரிக்காவில் வழக்குப் போட்டது. மேட்டல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்தது.

2008 செப்டம்பரில் வந்த டெல்லி உயர் நீதிமன்ற உத்தரவை விளையாட்டு உருவாக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஆட்டத்தின் விதிகள், பலகை அமைப்பு ஆகியவற்றுக்குக் காப்புரிமை கோரி ஆட்டத்தையே நிறுத்த முடியாது என்பது ஒரு பாதி. ஆனால் ஸ்கிராபிளை நினைவூட்டும் 'ஸ்கிராபுலஸ்' என்ற பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்பது மறுபாதி. பெயர் டிரேட்மார்க் சமாசாரம். சகோதரர்கள் பெயரை 'லெக்சுலஸ்' என்று மாற்றிக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள்.

அதாவது, ஆட்டம் ஆடும் முறை யாருக்கும் சொந்தமில்லை. அதை விளக்கி எழுதிய வாசகம் எழுதியவருக்குச் சொந்தம். படம் வரைந்தவருக்குச் சொந்தம். பெயரும் சின்னமும் நிறுவனத்துக்குச் சொந்தம். இவை நான்கும் நான்கு விதம். இதைக் குழப்பிக்கொள்ளும்போதுதான் நோட்டீஸ் வருகிறது.

துய்ப்ளேக்ஸ் காலத்தில் ஓர் ஆட்டம்

இப்போது நம் மாணவியிடம் வருவோம். டிராகனும் ஐரோப்பியக் கோட்டையும் அவருக்கு வேண்டாம். 18-ம் நூற்றாண்டுப் புதுச்சேரியை வைத்து ஓர் ஆட்டம் செய்ய ஆசை. கவர்னர் துய்ப்ளேக்ஸ், 1748-ல் ஆங்கிலேயர் நடத்தித் தோற்ற முற்றுகை, துறைமுகத்து வியாபாரிகள், ஒற்றர்கள், துபாஷிகள். பகடையை உருட்டினால் கப்பல் வரும், அல்லது பீரங்கி வெடிக்கும். கேட்கவே நன்றாயிருக்கிறது. எதையெல்லாம் தொடலாம்?

அந்தக் காலத்துக்கு அற்புதமான சாட்சி, துய்ப்ளேக்ஸிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. 1736 முதல் 1761 வரை எழுதியது. இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் வாழ்நாள் முழுக்கவும், இறந்த பிறகு 60 ஆண்டுகளும் காப்புரிமை இருக்கும். பிள்ளை இறந்தது 1761-ல். அவர் எழுத்து எல்லோருக்கும் பொது. ஆனால் அண்மையில் யாராவது அதற்கு எழுதிய விளக்கவுரை, முன்னுரை, புதிய மொழிபெயர்ப்பு ஆகியவற்றுக்குத் தனி உரிமை உண்டு.

அதே நாட்குறிப்பின் உலகிலிருந்து புதுச்சேரி எழுத்தாளர் பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' நாவல்களைப் படைத்தார். பின்னதற்கு 1995-ல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. பிரபஞ்சன் மறைந்தது 2018-ல். நாட்குறிப்பில் உள்ள சம்பவத்தை மாணவி எடுத்துக்கொள்ளலாம். பிரபஞ்சன் கற்பனையில் உருவான காட்சியையும் வசனத்தையும் எடுக்க வேண்டுமென்றால் உரிமை உள்ளவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும். ஊரும் காலமும் ஒன்றுதான். உரிமை வேறு.

'பொன்னியின் செல்வன்' வைத்து ஆட்டம் செய்தாலும் இதே கதைதான். கல்கியின் எழுத்து நாட்டுடைமை. வந்தியத்தேவனைத் தாராளமாக ஓடவிடலாம். ஆனால் அவன் முகம் சினிமா போஸ்டரிலிருந்து வரக் கூடாது.

ஆட்ட விதிகளுக்கு? 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமத்தில் உள்ள ஐந்தாம் பதிப்பு விதிகளை எடுத்துக்கொள்ளலாம். தமிழில் மொழிபெயர்த்து விற்கக்கூட யாரையும் கேட்க வேண்டாம். மூலத்தின் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட்டு, மாற்றம் செய்திருந்தால் அதையும் சொன்னால் போதும். விசார்ட்ஸ் தானே வெளியிட்ட மொழிகளில் பிரெஞ்சும் உண்டு. இரண்டு மொழியும் புழங்கிய புதுச்சேரியில் தமிழ், பிரெஞ்சு இரண்டிலும் ஓர் ஆட்டம் வெளிவந்தால் பொருத்தமாகத்தானே இருக்கும்? அட்டையில் மட்டும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரும் சின்னமும் வரக் கூடாது. 'ஐந்தாம் பதிப்போடு பொருந்தும்' என்று போட்டுக்கொள்ளலாம்.

எழுத்துருவிலும் கவனம் வேண்டும். கணினியில் இருக்கிறது என்பதாலேயே ஒரு தமிழ் எழுத்துரு நம்முடையதாகிவிடாது. 'நோட்டோ' போன்ற திறந்த உரிம எழுத்துருக்களை விற்பனைப் புத்தகத்திலும் தைரியமாகப் பயன்படுத்தலாம்.

கையெழுத்துப் போடும் முன்...

விளையாட்டு என்றில்லை. கதை, ஓவியம், இசை, ஆப் என எதைச் செய்பவருக்கும் இந்தச் சண்டை விட்டுச்சென்ற பாடங்கள் இவை.

- 'நிரந்தரம்' என்ற சொல் மட்டும் போதாது. 'திரும்பப் பெற முடியாதது' என்று இருக்கிறதா என்று பாருங்கள். உரிமத்தை ஒருதலையாக மாற்றும் ஷரத்து இருந்தால் யோசியுங்கள்.

- பங்கு கேட்டால், லாபத்திலா வருமானத்திலா என்று கேளுங்கள். சதவிகிதத்தைவிட இந்தக் கேள்வி முக்கியம்.

- இந்தியாவில் காப்புரிமையை எழுதிக் கொடுக்கும்போது எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எந்த இடத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். வாய்ப்பேச்சு போதாது. எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து இருக்க வேண்டும்.

- நண்பர்தானே என்று ஓவியம் வாங்கினாலும் ஒரு பக்க ஒப்பந்தம் போடுங்கள். புத்தகத்துக்கு மட்டுமா, டி-ஷர்ட்டுக்கும் ஆப்புக்கும் சேர்த்தா என்பதை அதிலேயே எழுதிவிடுங்கள். ஆட்டம் ஓடாதபோது யாரும் கேட்கமாட்டார்கள். ஓடத் தொடங்கியதும் நட்பு முறியும்.

- ஒரே தளத்தை நம்பி இருக்க வேண்டாம். மூலக் கோப்புகளை உங்களிடமே வைத்திருங்கள்.

- நீங்களே உங்கள் படைப்பைத் திறந்த உரிமத்தில் கொடுப்பதாக இருந்தால் இரண்டு நாள் யோசியுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் ஹாஸ்ப்ரோவுக்குத் திரும்பப் பெற முடியாதது என்றால், உங்களுக்கும் அப்படித்தான்.

பாரதி வீட்டுக்குத் திரும்பி...

1940-களில் பாரதியின் பாடல்களை இசைத்தட்டுக்கும் ஒலிபரப்புக்கும் பயன்படுத்தும் உரிமை தயாரிப்பாளர் ஏ.வி.மெய்யப்பனிடம் இருந்தது. விலை கொடுத்து வாங்கிய உரிமை, சட்டப்படி சரியானதுதான். 1948-ல் டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டு வந்தபோது அது பிரச்னையானது. ஊருக்கெல்லாம் பாடியவனின் பாட்டுக்கு ஒருவர் எப்படி வேலி போடலாம் என்று எழுத்தாளர்களும் ரசிகர்களும் குரல் எழுப்பினார்கள். மெய்யப்பன் தன் உரிமையை விலை எதுவும் பெறாமல் விட்டுக்கொடுத்தார். 1949-ல் அரசு, பாரதி குடும்பத்தாருக்குப் பணம் கொடுத்துப் பதிப்புரிமையைப் பெற்றது. 1950-களில் பாரதி மக்களின் பொதுச் சொத்தானார்.

எழுத்துக்கு நாட்டுடைமை என்ற பழக்கம் தமிழ்நாட்டில் அங்கேதான் தொடங்கியது. அரசு குடும்பத்துக்குப் பணம் தருகிறது, படைப்பு எல்லோருக்கும் போகிறது. எழுதியவர் வீட்டில் அடுப்பும் எரிய வேண்டும், எழுத்தும் ஊர் சுற்ற வேண்டும் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்த ஏற்பாடு அது. புதுச்சேரியில் பிறந்த பாரதிதாசனின் படைப்புகளும் பின்னாளில் நாட்டுடைமை ஆயின.

அன்று விட்டுக்கொடுத்தவர் ஒரு தயாரிப்பாளர். 2023-ல் விட்டுக்கொடுக்க வேண்டிவந்தது ஒரு பெரும் நிறுவனம். இரண்டு முறையும் காரணம் ஒன்றே. தாங்கள் பாடிய பாட்டிலும், தாங்கள் ஆடிய ஆட்டத்திலும் தங்களுக்கும் பங்குண்டு என்று நம்பிய சாதாரண ஜனங்கள் சும்மா இருக்கவில்லை.

ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவிலிருந்து கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். போகிற வழியில் நம் மாணவியின் ஆட்டத்துக்கு வேண்டிய தெருக்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. கதையும் இருக்கிறது, விதிகளும் கிடைக்கின்றன, மேஜை செல்போனில் இருக்கிறது. உரிமத்தின் கடைசிப் பக்கத்தையும் படித்துவிட்டு, அவர் பகடையை உருட்ட வேண்டியதுதான்.